இரண்டாம் கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

ஜூன் 5 அன்று மதுரைப் பக்கம் மரக்கன்று நடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆயாசமாக இருக்கும். உலகச் சுற்றுச்சூழல் நாள் உலகத்துக்குத் தோதாக இருக்கலாம். நம் மண்ணுக்குத் தோது இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அப்போது பருவமழை இறங்கிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் நமக்குக் கிடைப்பது அதன் காற்று மட்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற சீமையில், ஆனி பிறப்பதற்கு முன்பே ஒரு முழக் கன்றை நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். நம் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் பெய்கிறது. புரட்டாசிக் கடைசியில் நட்டால் கன்றுக்கு மூன்று மாத ஈரம் இலவசம். வயலில் கால் வைத்த யாருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஜூனில் நடுகிறோம். ஏனென்றால் கன்று தருகிறவர்கள் ஜூனில்தான் வருகிறார்கள். பேனரும் அச்சடித்த சட்டையும் தருகிறவர்கள் அவர்களோடு வருகிறார்கள்.

இதைச் சொன்னால், "நாலு பேர் நல்லது செய்ய வந்தால் அதிலும் குற்றம் கண்டுபிடிக்கிறீர்களே" என்று என் மனைவியே கேட்கிறாள். நடுகிற பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்து நிற்கிறவனை எதற்குக் குறை சொல்ல வேண்டும்? என் மனத்தில் ஆறாமல் கிடப்பது வேறு. சின்ன ஊர்களில் சொந்த விருப்பத்தில் பொது வேலை செய்கிறவர்களுக்கு வெளியிலிருந்து வரும் உதவியெல்லாம், கொடுக்கிறவருடைய நாள்காட்டியைப் பார்த்துத்தான் வருகிறது. நடுகிற அன்று கார் போட்டுக்கொண்டு வருகிறது. அடுத்த பங்குனி, சித்திரையில் கன்று வாடும்போது அந்தக் கார் வருவதில்லை. அதற்கடுத்த கோடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்கள் பக்கத்து மண்ணில் வேம்போ புங்கமோ இரண்டு கோடையைத் தாண்டினால்தான் மரம். அதுவரை அது செலவு.

ஊராட்சியும் இல்லை, நகரமும் இல்லை

எங்கள் ஊர் ஒரு பேரூராட்சி. மதுரை மாவட்டத்தில் சோழவந்தான், வாடிப்பட்டி, எழுமலை, பேரையூர், தே.கல்லுப்பட்டி என்று மொத்தம் ஒன்பது பேரூராட்சிகள் இருக்கின்றன. எங்களுடையதும் அந்தச் சாயலில் உள்ள ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொன்னால் இனி வரப்போகும் ஆட்களையெல்லாம் வாசிக்கிறவர்கள் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு பஸ் நிலையம், ஒரு கிளை நூலகம், இரண்டு வங்கி, வாரச்சந்தை, நான்கு புறமும் வயல். பிழைப்பு முழுக்கக் கிராமத்துப் பிழைப்பு. அரசாங்கக் காகிதத்தில் மட்டும் நகர்ப்புறம்.

இதனால் வரும் சங்கடங்கள் சாதாரணமாகக் கண்ணில் படாது. பக்கத்து ஊராட்சியில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்: குடியரசு நாள், மார்ச்சில் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள். அங்கே ஒரு பாட்டி எழுந்து நின்று "எங்கள் தெருவிளக்கு எங்கே?" என்று கேட்டால் அது பதிவேட்டில் ஏற வேண்டும். எங்களுக்குக் கிராம சபை கிடையாது. நகர்ப்புறங்களுக்கென்று 2022-இல் வார்டு குழு, பகுதி சபை என்று விதிகள் வந்தன. அவை எங்கள் தெருவில் கூடிப் பார்த்த ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. நூறு நாள் வேலை என்று நாம் சொல்லிப் பழகிய திட்டமும் ஊராட்சிகளுக்குத்தான். ஆகவே ஊராட்சி எல்லைக்குள், தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வார ஆள் கிடைக்கும். எல்லைக் கல்லைத் தாண்டி எங்கள் பக்கம் வந்ததும் அதே கால் முள் மண்டிக் கிடக்கும். தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது, பாவம், அது முள்ளுக்குள் நின்றுவிடும்.

கூடிப் பேசவும் பேசியதைப் பதியவும் ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை மேலூர்ப் பக்கம் எல்லாரும் பார்த்தோம். 2024 நவம்பரில் அரிட்டாபட்டியை ஒட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது, சுற்றியுள்ள ஊராட்சிகள் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7 அன்று மேலூரிலிருந்து மதுரையை நோக்கி மக்கள் திரண்டு நடந்தார்கள். 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஆனால் அங்கே நின்றவர்கள் அந்த இரண்டு மாதத்தில் முளைத்தவர்கள் அல்லர். அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்படுவதற்கும் முன்பிருந்தே மலையையும் ஊற்றையும் கண்மாயையும் காவல் காத்த உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். நாம் செய்தியில் பார்த்தது அறுவடையை. உழுத வருடங்களுக்கு அவ்வளவாகப் படம் இல்லை.

எங்கள் ஊர்க் குழு 2020 ஊரடங்கில் உண்டானது. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்த்த பையன்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். வேலை இல்லை, டீக்கடையும் மூடிக் கிடந்தது. யாரோ ஒருவன் ஊருணியைச் சுத்தம் செய்யலாம் என்றான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த ஊருணியில்தான் என் சிறு வயதில் குடிதண்ணீர் எடுத்தோம். மேல்நிலைத் தொட்டி வந்ததும் அதை மறந்தோம். பிறகு அது கோழிக்கடைக் கழிவுக்கும் சீமைக்கருவேலத்துக்கும் போய்ச் சேர்ந்தது. சீமைக்கருவேலத்தை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெட்டினால் தூரிலிருந்து பல கிளையாகத் துளிர்த்துப் பழிவாங்கும். வேரோடு பிடுங்க வேண்டும். அதற்கு இயந்திரம் வேண்டும். பொக்லைன் வாடகை மணிக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அனுப்பினார், ஊருக்குள்ளும் திரட்டினார்கள். ஊரடங்கு தளர்வதற்குள் பழைய படித்துறையின் கற்கள் வெளியே வந்துவிட்டன. கைபேசியில் எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் வாழ்த்தினார்கள்.

ஊரடங்கு தளர்ந்ததும் பாதிப் பேர் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். மிஞ்சியது செல்போன் பழுதுபார்க்கும் கடைத் தம்பி, ஓர் ஆட்டோ ஓட்டுநர், ஓய்வுபெற்ற தபால்காரர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். நான் மதுரையில் வேலை பார்த்துக்கொண்டு சனிக்கிழமை இரவு ஊருக்கு வருகிறவன். என்னை அரை ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

டீக்கடை திறந்ததும் அங்கே முதலில் கேட்ட கேள்வி, "வரி கட்டுகிறோம், அதிகாரி இருக்கிறார், ஆள் இருக்கிறது, நாம் எதற்குக் குப்பை அள்ள வேண்டும்?" என்பது. இதைச் சோம்பேறியின் கேள்வி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்க மாட்டேன். தினக்கூலியில் தெருக் கூட்டுகிற பெண்களுக்குச் சம்பளம் தள்ளிப்போன ஒரு மாதத்தில், நாங்கள் கையுறை மாட்டிக்கொண்டு அதே தெருவைக் கூட்டிப் படம் எடுத்துப் போட்டால், அது யாருக்கு உதவி? அதன் பிறகு எங்களுக்குள் ஒரு முடிவு செய்தோம். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை நாம் தொடக்கூடாது. அதற்கு மனு எழுதலாம், கேட்டுக்கொண்டே இருக்கலாம். யாருடைய வேலையும் அல்லாமல் அநாதையாகக் கிடப்பதைத்தான் எடுக்க வேண்டும். ஊருணி அப்படிக் கிடந்தது. அதன் வரத்துக்கால் அப்படிக் கிடந்தது. அவற்றுக்குத் துறை உண்டு, பொறுப்பாளர்தான் இல்லை.

மந்தையில் எழுந்த பேச்சு

எங்கள் கதை திரும்பியது ஊருணியின் வண்டல் மண்ணில். அடுத்த கோடையில் இன்னும் ஓர் அடி ஆழப்படுத்தினார்கள். எடுத்த வண்டல் எங்காவது போக வேண்டும். இப்போது 2024-இலிருந்து வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று எளிதாக்கியிருக்கிறார்கள். அப்போது அது மாவட்ட ஆட்சியர் வரை போகிற காகிதம். தபால்காரர் அதற்குப் பின்னாலேயே நடந்து வாங்கி வந்தார். பள்ளி மைதானத்துப் பள்ளத்தில் பெரும்பகுதியைக் கொட்டினார்கள். மிச்சம் சில டிராக்டர் விவசாயிகளின் வயலுக்கும் ஒருவருடைய தென்னந்தோப்புக்கும் போனது. அவ்வளவுதான். ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பேச்சு: "பையன்கள் மண்ணை லோடு கணக்கில் விற்றுவிட்டார்கள்."

எங்கள் ஊரில் இப்படிப் பேச்சு எழுந்தால் மந்தையில், அதாவது ஊர்ப் பொதுத்திடலில், கூடித்தான் தீர்ப்பார்கள். கூடினார்கள். செல்போன் கடைத் தம்பி கொந்தளித்துப் போயிருந்தான். "என் கைக்காசு போட்டிருக்கிறேன், என்னையே திருடன் என்கிறீர்களா?" என்று கேட்டான். "அப்படியானால் கணக்கைக் காட்டு" என்றார் ஒரு பெரியவர், நியாயமாகத்தான். கணக்கு இல்லை. பணம் வந்தது கைபேசிக் குறுஞ்செய்தியில் இருந்தது, போனது டீசல் பங்க் ரசீதில் இருந்தது, பாதி ரசீது மழையில் நனைந்து எழுத்து மறைந்து கிடந்தது. இத்தனைக்கும் இது கணக்குத் தெரியாத சீமை அல்ல. உசிலம்பட்டி வட்டாரத்தில் ஒரு மொய் விருந்துக்குப் போய்ப் பாருங்கள். யார் எந்த வருடம் யார் வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு எழுதினார் என்பது நோட்டில் இருக்கும், தலைமுறை தாண்டித் திரும்பி வரும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி ஒரு வீடு தவறாமல் வசூலாகும், தவறினால் பெயர் ஒலிபெருக்கியில் வரும். அத்தனை கறாரான ஊர், பொதுச் சேவை என்று வந்ததும் கணக்குக் கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறது. கேட்காமல் இருப்பது பெருந்தன்மை என்று ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு, இரண்டாம் வருடம் திருட்டுப்பட்டம் கட்டுகிறது. இரண்டும் ஒரே வாய்தான்.

அன்று இரவு தம்பி குழுவையே கலைத்துவிடுவதாகச் சொன்னான். அப்போது தபால்காரர் ஒரு பெயரைச் சொன்னார். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், பட்டியல் சாதி மக்கள் இருக்கும் தெருவில் ஓர் அக்கா. மகளிர் குழுவில் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறவர். மதுரை வட்டாரத்தில் இந்தப் பழக்கம் வெகுகாலமாக வேரோடியிருக்கிறது. களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களில் கைநாட்டுக்காரப் பெண்கள் ஐந்தும் பத்துமாகச் சேர்த்து வங்கியையே உட்கார்ந்து பேச வைத்தார்கள். அந்தக் குழுக்களை வளர்த்த, அழகர்கோயில் பக்கத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டு 2001-இல் பிரதமர் வாஜ்பாய் வணங்கியது பத்திரிகைகளில் வந்த படம். 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். எங்கள் ஊரிலும் அந்த மாதிரிப் பெண்கள் இருந்தார்கள். ஊருணி வேலைக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும், எவரும் சொல்வதில்லை.

அந்த அக்கா சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. "கணக்கை நான் எழுதித் தருகிறேன் தம்பி. ஆனால் மந்தைக்கு வந்து படிக்க மாட்டேன். அங்கே நாங்கள் எங்கே நிற்போம் என்று உனக்கே தெரியும். நூலகத்துத் திண்ணையில் கூட்டு, வருகிறேன்." தம்பி தலையைச் சொறிந்தான். மந்தையில் கூட்டாமல் வேறு இடத்தில் கூட்டினால் பெரியவர்கள் வர மாட்டார்கள். மந்தையில் கூட்டினால் கணக்கு வராது. இரண்டில் ஒன்று. கலைத்துவிடுகிறேன் என்றவனுக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லாததால்தானோ என்னவோ, நூலகம் என்று முடிவு செய்தான்.

பெரியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஆனால் மந்தைக் கூட்டத்தில் நான் பார்த்தே இராத பெண்கள் வந்தார்கள், அந்தத் தெருக்காரர்கள் வந்தார்கள். அக்கா நோட்டைப் பிரித்து வரி வரியாகப் படித்தார். யார் எவ்வளவு கொடுத்தார், எந்தத் தேதி, எந்த இயந்திரம், எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் டீசல். ரசீது இல்லாத இடத்தில் "ரசீது இல்லை" என்றே படித்தார். வண்டல் போன ஒவ்வொரு வயலின் சொந்தக்காரரையும் பெயர் சொல்லி எழுப்பி, "காசு கொடுத்தீர்களா?" என்று கேட்டார். ஒருவர் மட்டும், டிராக்டர் ஓட்டுநருக்குச் சாப்பாட்டுக்காக நூறு ரூபாய் கொடுத்தேன் என்றார். அதையும் எழுதிக்கொண்டார். கடைசியில் வரவைவிடச் செலவு அதிகம் என்று தெரிந்தது. வித்தியாசம் தம்பியின் கடை வருமானத்திலிருந்து போயிருந்தது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் மறுவாரம் வரத்துக்கால் வேலைக்கு அந்தத் தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மண் வெட்டுவதில் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் அவர்களிடம் பாடம் கேட்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு மாதா மாதம் கணக்கு நூலகச் சுவரில் ஒரு கரும்பலகையில் எழுதப்படுகிறது. ஊருணிக்குள் அதுவரை குப்பை கொட்டிக்கொண்டிருந்த கோழிக்கடைக்காரர் இப்போது மாதம் நூறு ரூபாய் தருகிறார், அவர் பெயர் பலகையில் வர வேண்டும் என்பதற்காகவே. வரட்டுமே.

கல்லுப்பட்டியில் ஒரு கணக்கர்

இதை யோசிக்கும்போது ஜே.சி. குமரப்பா நினைவுக்கு வருகிறார். லண்டனில் கணக்கியல் படித்துத் தணிக்கையாளராக இருந்தவர், காந்தியிடம் போய்ச் சேர்ந்தவர், கடைசி வருடங்களைத் தே.கல்லுப்பட்டியில் காந்திநிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1940-இல் தொடங்கப்பட்ட ஆசிரமம் அது. குமரப்பா இறந்தது 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளிலேயே. கிராமப் பொருளாதாரம் பற்றி அவர் எழுதியவற்றை எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது 1934-ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்க நிவாரணத்தில் அவர் நிதிப் பொறுப்பில் இருந்த விதம். தொண்டர்களின் அன்றாடச் சாப்பாட்டுச் செலவுக்கு அணாக் கணக்கில் வரம்பு வைத்தார். காந்தியும் அவரோடு வந்தவர்களும் வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். தொண்டு என்றால் மனம் நெகிழ்வது என்று நினைக்கிற நாட்டில் இப்படி ஒரு கறார். அந்தக் கறார்தான் அடுத்த ரூபாயை வர வைக்கிறது. எங்கள் அக்காவுக்குக் குமரப்பாவைத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு பேரும் ஒரு ரசீதுக்காக நாள் முழுக்க வாதாடியிருப்பார்கள்.

குடிமராமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்மாய் வேலையை ஊரே சேர்ந்து செய்வது நம் பக்கத்துப் பழைய வழக்கம் என்று மேடைதோறும் சொல்கிறோம். அந்த வழக்கம் தளர்ந்தபோது வெள்ளைக்காரன் அதைச் சட்டம் போட்டுப் பிடிக்கப் பார்த்தான். 1858-இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டமே வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது, மராமத்து நடக்கவில்லை. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, பாசன விவசாயிகள் சங்கம் பத்து சதவீதத்தை உழைப்பாகவோ பணமாகவோ தர வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரரே வேலை செய்கிறார் என்ற புகார் பல இடங்களில் எழுந்தது. உயிரோடு ஒரு சங்கம் இருந்த ஊரில் திட்டம் பிடித்தது. இல்லாத ஊரில் பெயர்ப் பலகைதான் நின்றது. பழைய காலத்தில் அந்த உயிரைப் பிடித்து வைத்திருந்தது நீர்க்கட்டி என்ற ஓர் ஆள். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. அறுவடைக்கு அறுவடை ஒவ்வொரு வயலிலிருந்தும் அவருக்கு நெல் அளந்தார்கள். ஊர் வேலைக்கு ஊரே கூலி கொடுத்த காலம் அது. இன்றைக்குத் தொண்டு என்றால் கூலியே இருக்கக் கூடாது என்று நாமாக ஒரு விரதம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு பக்கக் கடிதம்

என் சித்தப்பா மகன் சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில், சமூகப் பணிக்கான நிதியைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருக்கிறான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கிற நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தை இப்படிச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டம். ஊர்ப் பாசம் உள்ள பையன். "பையன்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள் அண்ணே, மேலே பேசிப் பார்க்கிறேன்" என்றான்.

நூலகத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடைபாதை, வண்ண விளக்கு, ஊர்ப் பெயர் எழுதிய வளைவு எல்லாம் ஆசை. தபால்காரருக்குச் சிமெண்ட் இருக்கை. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது?" என்று மட்டும் கேட்டார். கடைசியில் எழுதியது இவ்வளவுதான். இரண்டு கோடைக்குத் தண்ணீர் வண்டி டீசல். தண்ணீர் ஊற்றவும் ஆடு விரட்டவும் ஓர் ஆளுக்கு மாதக் கூலி. ஆண்டுத் தணிக்கைக் கட்டணம். அரசு அலுவலகங்களுக்கு அலைய ஒருவருக்குப் பஸ் செலவு. பெயர்ப் பலகை வேண்டியதில்லை, நூலகக் கரும்பலகையிலேயே எழுதுகிறோம் என்று அடியில் சேர்த்தோம்.

இந்தப் பஸ் செலவைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். ஊருணி பேரூராட்சிக்குச் சொந்தம். அதற்குத் தண்ணீர் வரும் கண்மாய் நீர்வளத் துறைக்கு. கால் போகும் நிலம் வருவாய்த் துறையின் புறம்போக்கு. நடுவில் குறுக்கிடும் சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு. கண்மாய்க்குள் நிற்கும் கருவேலத்தைக்கூட மதிப்புக் குறித்து ஏலம் விட வேண்டும். நாமாக வெட்டினால் சேவை திருட்டாகிவிடும். ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிற ஆட்டோ ஓட்டுநரைத் தியாகி என்று புகழ்வதைவிட, அந்த நாள் கூலியைக் கொடுத்துவிடுவது மேல் என்பது என் கட்சி.

சித்தப்பா மகன் போன் செய்தான். அவன் குரலிலேயே சங்கடம் தெரிந்தது. தண்ணீர் ஊற்றுகிற ஆளுக்குக் கூலி என்ற தலைப்பில் அவர்கள் படிவத்தில் இடம் இல்லையாம். மரக்கூண்டுக்கு இடம் உண்டு, தொடக்க விழாவுக்கு உண்டு, தகவல் பலகைக்கு உண்டு. இன்னொன்றும் சொன்னான். ஊர்க் குழுவுக்கு நேராகப் பணம் கொடுப்பதென்றால் அது பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், வருமான வரித் துறையின் பதிவுகள் வேண்டும், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும், மூன்று ஆண்டாவது வேலை செய்த தடம் வேண்டும். ஏழு பேர் கையெழுத்துப் போட்டுச் சங்கமாகப் பதிவு செய்தாயிற்று. ஆனால் தணிக்கை முடிந்த கணக்கு எங்களிடம் இரண்டு ஆண்டுக்குத்தான் இருக்கிறது. அரசின் நமக்கு நாமே திட்டத்தையும் விசாரித்தோம். 1997-இல் வந்து, பெயர் மாறி, 2021-க்குப் பிறகு பழைய பெயரில் திரும்பி வந்திருக்கிறது. மக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பாகத்தைக் கட்ட வேண்டும். சுற்றுச்சுவர் கட்ட நல்ல திட்டம். தினமும் ஒருவர் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அதில் வழி இல்லை.

மோசடியைத் தடுக்கத்தான் இந்த விதிகள் என்பது எனக்குப் புரிகிறது. கணக்கு இல்லாததால் நாங்கள் பட்டது போதாதா? ஆனால் மூன்று வருடம் தாக்குப்பிடித்தவனுக்குத்தான் உதவி என்றால், அந்த மூன்று வருடம் தாக்குப்பிடிக்க உதவுவது யார்? பெரிய அமைப்புகள் தங்கள் பதிவு எண்ணின் நிழலில் இப்படிப்பட்ட சின்னக் குழுக்களைச் சில வருடம் தாங்கலாம். வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் மொத்தமாக ஒரு தொகையை அனுப்பிவிட்டு மறப்பதற்குப் பதில், மாதம் இருநூறு ரூபாய் அனுப்பலாம். சிங்கப்பூர்க்காரர் இப்போது அப்படித்தான் அனுப்புகிறார், முதலில் அவருக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. படித்துவிட்டு ஓய்வில் இருப்பவர்கள் வந்து சொற்பொழிவு ஆற்ற வேண்டாம், ஒரு மனுவைச் சரியான அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தால் போதும்.

இந்த முறை ஐந்நூறு கன்று தருவதாக ஓர் அமைப்பு சொன்னது. முப்பது போதும், அதுவும் புரட்டாசிக் கடைசியில் வேண்டும் என்று செல்போன் கடைத் தம்பி சொன்னான். அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். முப்பதுக்கும் கூண்டு ஆட்டோ ஓட்டுநரின் மைத்துனர் பட்டறையில் தயாராகிறது. தண்ணீர் ஆளுக்கான கூலியை வீட்டுக்கு ஐம்பது ரூபாய் என்று பிரிக்கிறோம். மந்தைத் தெருவில் இன்னும் சில வீடுகள் பாக்கி, பெயர்கள் பலகையில் இருக்கின்றன. மூன்றாம் ஆண்டுத் தணிக்கையை அக்கா முன்கூட்டியே முடித்துவிடலாம் என்கிறார். அதற்குள் சித்தப்பா மகனை வேறு பிரிவுக்கு மாற்றிவிடாமல் இருக்க வேண்டும்.